ராசா, அந்த 8 அங்குல மீனை வாங்காதே

அன்பு மகன்,

தூண்டிலில் போடுகிற அந்தப் பொய்மீனின் படத்தை, நேற்றிரவு நீ அனுப்பியதை, பெரிதாக்கிப் பார்த்தேன். 8 அங்குல நீளம், மூன்று மூட்டு, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகக் கீறியிருக்கிறது, வயிற்றுக்குக் கீழே இரண்டு மும்முனைக் கொக்கி, விலை 70 டொலர். "வாங்கட்டா அம்மா?" என்று கேட்டிருந்தாய். போனில் இவ்வளவையும் எழுத எனக்கு விரல் வராது, அதுதான் விடிய எழும்பித் தேத்தண்ணியோடு இருந்து கடிதமாகவே எழுதுகிறேன். வாங்காதே ராசா. வடிவான பொருள்தான், ஆனால் நீ போய் இருக்கிற இடத்துக்கும் உன்னிடம் உள்ள தூண்டில் தடிக்கும் அது சரிவராது.

அந்தப் பெரிய ஸ்விம்பெய்ட்டுகள், அதாவது நீந்துகிற மீன்மாதிரிச் செய்த பொய் இரைகள், பேர் எடுத்த இடம் கலிபோர்னியா. அங்கே நீர்த்தேக்கங்களில் ரெயின்போ ட்ரௌட் மீனை வளர்த்துக் கொண்டுவந்து விடுவார்கள், லார்ஜ்மவுத் பாஸ் அந்த ட்ரௌட்டைத் தின்று தின்று 10 இறாத்தலையும் தாண்டி வளரும், அதைப் பிடிக்க ஆட்கள் ட்ரௌட் அளவிலேயே பொய்மீன் செய்தார்கள். அங்கே வருடம் முழுக்கத் தீனி. கனடாவில் நீ இருக்கிற பீற்றர்பரோவைச் சுற்றியுள்ள ஏரிகள் அப்படியா? மாரி முழுக்கப் பனிக்கட்டி மூடிக் கிடக்கும், மீன் அடியில் அதிகம் அசையாமல் கிடக்கும், வளர்கிற காலமே சில மாதம்தான். ஒரு ஸ்மால்மவுத் பாஸ் ஒரு அடி நீளம் வர நாலைந்து வருடம் எடுக்கும். 3 இறாத்தல் மீன் பிடித்தால் நீ வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லலாம். பெரிய இரையை அது அடிக்கவே அடிக்காது என்று நான் சொல்லவில்லை. அடிக்கும், எப்போதாவது ஒருக்கா. பழகுகிற ஆளுக்கு அது காணாது, பழகுவதற்கு மீன் அடிக்கவேண்டும், அடிபட்டுத்தான் கை படிக்கும்.

உன் தடியின் கைபிடிக்கு மேலே சின்ன எழுத்தில் எத்தனை அவுன்ஸ் வரை எறியலாம் என்று அடித்திருக்கும், பார். 7 அடி மீடியம் தடி என்றால் அரை அவுன்ஸைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நீ காட்டிய மீன் 2 அவுன்ஸுக்கு மேலே இருக்கும். முழு வீச்சில் எறிந்தால் தடி முறியும், இல்லையென்றால் தங்கூசி நூல் அறுந்து 70 டொலர் பறக்கும்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் கோடை வந்தால் சனிக்கிழமையில் ரைஸ் ஏரிக்குப் போவோமே, அப்பா பிடிப்பார், நான் வெட்டுவேன். 18 வருடமாக வெட்டினேன். மீன் கழுவும்போது இரைப்பையைக் கீறிப் பார்க்கிற பழக்கம் எனக்கு என் தகப்பன், ஐயாவிடம் இருந்து வந்தது. ஐயா இரணைமடுக் குளத்தில் விராலுக்குத் தூண்டில் போடுகிறவர், விராலின் வயிற்றில் தவளை கிடந்தால் அடுத்த நாள் தவளைக் குஞ்சைத்தான் கோர்ப்பார். ரைஸ் ஏரி பாஸின் வயிற்றில் முதலில் வருவது சின்னச் சிங்கி இறால்மாதிரி இருக்கிற நன்னீர்க் கிரேஃபிஷ், கோது நொறுங்கிச் செம்மண் நிறத்தில் இருக்கும். அதற்கடுத்தது பெர்ச் என்கிற கோடுபோட்ட மீனின் குஞ்சு. பாதி செமித்து வெளிறிப் போயிருந்தாலும் முதுகில் அந்தக் கறுத்தக் கோடுகள் தெரியும், விரலால் தேய்த்துக் கழுவினால் இன்னும் வடிவாகத் தெரியும். என் சுட்டுவிரலோடு வைத்துப் பார்த்திருக்கிறேன், விரலைவிடக் கொஞ்சம்தான் நீளம், 3 அங்குலம், மிஞ்சினால் 4. இத்தனை வருடத்தில் 8 அங்குல மீன் ஒன்றை ஒரு வயிற்றிலும் நான் காணவில்லை. அப்பாவிடம் சொன்னேன், அவர் அந்தக் கிழமையே 3 அங்குலத்துக்கு இறங்கினார், அதற்குப் பிறகு எங்கள் வாளி வெறுமையாகத் திரும்பியது குறைவு.

அதனால் நீ வாங்கவேண்டியது மெத்தென்ற பிளாஸ்ரிக்கில் செய்த சின்ன ஸ்விம்பெய்ட். வால் நுனி சப்பாத்துக் குதிமாதிரி மடிந்து நிற்கும், இழுத்தால் அந்த வால் இரண்டு பக்கமும் அடிக்கும், உடம்பு லேசாக உருளும். அந்த உருளல்தான் உயிர். கீடெக் கம்பனியின் ஸ்விங் இம்பாக்ட் ஃபாட் என்பதில் 3.3, 3.8 அங்குலம் என்று இரண்டு அளவு இருக்கிறது, அந்த இரண்டும் காணும். ஒரு பாக்கெற்றில் ஆறேழு கிடக்கும். வாங்கும்போது பாக்கெற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார், ஒரு வாலாவது வளைந்து மடிந்து கிடந்தால் அதைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடு, வளைந்த வால் நேராக ஓடாது. ஸீ-மேன் கம்பனியுடையதை வாங்கினால் அதை அதன் பாக்கெற்றிலேயே வைத்திரு. அது இழுபடுகிற வேறு வகைச் சாமான், மற்றப் பிளாஸ்ரிக்கோடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிப் பிசினாகிவிடும். உன் அப்பாவின் ஒரு பெட்டி அப்படித்தான் போனது.

நிறத்தில் அப்பாவுக்கும் எனக்கும் இன்றுவரை வழக்கு. அவர் வெள்ளையும் எலுமிச்சைப் பச்சையும் என்பார், கலங்கின தண்ணீருக்கு அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸீப்ரா மட்டி வந்த பிறகு இந்த ஏரிகளின் தண்ணீர் முந்தியைவிடத் தெளிந்துபோய்விட்டது, மட்டி தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். தெளிந்த தண்ணீரில் மீன் வடிவாகப் பார்த்துத்தான் வரும். அங்கே பெர்ச் நிறம், இல்லாவிட்டால் கண்ணாடிமாதிரி ஊடு தெரிகிற சாம்பல் நிறம். பிறகு ஒருநாள் சிம்கோ ஏரிக்கோ ஒன்ராறியோ ஏரிக்கோ போனால் மண்ணிறம் கொண்டுபோ, அங்கே கோபி என்கிற மீன் நிறைந்துவிட்டது, அதற்குக் காற்றுப்பை இல்லை, எப்போதும் அடியிலேயே ஊரும், ஸ்மால்மவுத் அதைத் தின்றுதான் கொழுக்கிறது. அங்கே உன் இரையும் அடியை உரசிக்கொண்டு வரவேண்டும்.

இனிக் கொக்கி. ரைஸ் ஏரியும் ஸ்ரோனி ஏரியும் உனக்குப் பக்கம் பக்கம், ஆனால் இரண்டும் இரண்டு விதம். ரைஸ் ஏரி ஆழம் குறைந்தது, பாசி நிறைந்தது, காட்டரிசி விளைந்ததால் வந்த பேர் அது. அங்கே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற கொக்கி போட்டால் ஒவ்வொரு எறியிலும் ஒரு கட்டுப் பாசிதான் வரும். நடுத்தண்டில் ஈயம் வைத்த அகலக் கொக்கி கேள், முனை மீனின் முதுகில் ஒளிந்துகொள்ளும், அல்லி இலைக்கு நடுவிலும் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்ரோனி ஏரியில் கருங்கல் திட்டுகள், ஸ்மால்மவுத்தின் இடம், அங்கே சாதாரண உருண்டைத் தலை ஜிக், அதாவது தலையில் பாரம் வைத்த கொக்கி, போதும். கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம், அதில் தொடங்கு. கரையோரமாக ஆழம் குறைவென்றால் அரைக்கால் அவுன்ஸ். ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதை வாங்கு ராசா, இரவில் நீ சத்தம் கேட்கிறாய் என்று சொன்னாயே, அந்த லூன் பறவை அறுந்து விழுந்த சின்ன ஈயத்தை விழுங்கிச் செத்துப்போகும். தேசியப் பூங்காக்களுக்குள் சின்ன ஈயத்துக்குத் தடையே இருக்கிறது.

கோர்ப்பதில்தான் பாதிப் பேர் பிழை விடுகிறார்கள். முதலில் ஜிக்கை மீனுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, கொக்கி எங்கே வளைகிறதோ அந்த இடத்தில் முதுகில் நகத்தால் ஒரு அடையாளம் போடு. மூக்கின் நடுவில் குத்தி, அவசரப்படாமல் உள்ளுக்குள் தள்ளித் தள்ளி, சரியாக அந்த அடையாளத்தில் முனையை வெளியே எடு. மேலிருந்து பார்த்தால் முதுகுக் கோடு நேராக இருக்கவேண்டும். உடம்பு கொஞ்சம் சுருங்கி நின்றாலும் தண்ணீருக்குள் பம்பரமாகச் சுற்றும், தங்கூசி முறுக்கேறிச் சிக்கலாகும். தலையோடு சேர்கிற இடத்தில் ஒரு சொட்டு சுப்பர் குளூ விடு, இல்லாவிட்டால் இரண்டு கொத்துக்குள் கழுத்துக் கிழிந்துவிடும்.

எறிந்தவுடன் தங்கூசியைச் சுற்றாதே. இறங்கவிட்டு எண்ணு. தங்கூசி தளர்ந்தால் அடி தட்டிவிட்டது. 9 எண்ணும்போது தட்டினால் அடுத்த எறியில் 7-இல் சுற்றத் தொடங்கு. மெதுவாக, வால் அடிக்கிறது தடியில் நாடித் துடிப்புமாதிரிக் கையில் தெரிகிற அளவுக்கு மட்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் மெதுவாக. அடித்ததும் வெடுக்கென்று இழுக்காதே, சுற்றிக்கொண்டே தடியைச் சாய், கொக்கி தானாக ஏறும். சில நேரம் ஒரு கனம் வந்து ஒரே வெட்டில் எல்லாம் போய்விடும், அது மஸ்கி என்கிற பெரிய வேட்டை மீன், அதன் பல் கத்தி. அப்போதும் போவது இரண்டு டொலர் பிளாஸ்ரிக்கும் ஒரு ஜிக்கும்தான்.

கிழிந்ததைத் தண்ணீருக்குள் மட்டும் எறியாதே. ஒருமுறை ஒரு மீனின் இரைப்பையில் பிளாஸ்ரிக் புழு ஒன்று இரண்டு மடங்காக ஊதிக் கிடந்ததை எடுத்தேன், வயிறு அதாலேயே நிறைந்து, மீன் மெலிந்துபோய் இருந்தது. அன்று எனக்கு அதைச் சமைக்க மனம் வரவில்லை.

இன்னும் பாஸ் பிடிக்கிற காலம் திறக்கவில்லை என்பது நினைவிருக்கட்டும், ஜூன் பின்பாதியில் ஒரு சனிக்கிழமைதான் திறப்பார்கள். இப்போது ஆண் மீன் கூட்டில் முட்டையைக் காத்துக்கொண்டு நிற்கும், அதைத் தூக்கினால் பக்கத்தில் நிற்கிற சன்ஃபிஷ் கொஞ்ச நேரத்தில் முட்டை முழுவதையும் தின்றுவிடும். அதற்குள் மீன்பிடி லைசன்ஸ் எடு. எனக்கு 65 தாண்டிவிட்டது, அடையாள அட்டை காணும், உனக்குக் கட்டாயம் வேண்டும். படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெற்றைப் பூட்டிக்கொள், பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று என்னிடம் சொல்லாதே.

சனிக்கிழமை அப்பா வரும்போது 3.3 அங்குலம் ஒரு பாக்கெற்றும் கால் அவுன்ஸ் ஜிக் ஐந்தும், உனக்கு ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் தந்துவிடுகிறேன். பாசிக்குள் போடுகிற கொக்கியை மட்டும் நீயே அங்கே வாங்கு. முதல் மீனைச் சமைக்க எடுத்தாயென்றால் இரைப்பையை எறியாதே, கீறி, கழுவி, ஒரு வெள்ளைக் கோப்பையில் போட்டுப் படம் எடுத்து அனுப்பு. என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த பாக்கெற் எந்த நிறம் என்று சொல்கிறேன்.

அம்மா