அடித்த எண் தொலையாத திரையைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய வங்கி மென்பொருள் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பணம் பதியும்போது ஊழியர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்ற உங்கள் சுற்றறிக்கை தாராவிக் கிளைக்கும் வந்தது. அது ஏன் வந்தது என்று உங்களுக்கே தெரியும். தொண்ணூறடி சாலையில் பலகாரக் கடை வைத்திருக்கும் அக்கா 15,000 ரூபாய் கட்டினார். ரசீதில் 5,000 என்று வந்தது. அவர் அங்கேயே நின்று படித்துப் பார்த்ததால் சரிசெய்ய முடிந்தது.

நீங்கள் தந்த புதிய திரையில் கணக்கு எண்ணை அடித்து என்டர் தட்டியதும் வட்டம் சுற்றுகிறது. தொகைக் கட்டம் திறப்பதற்குள் அடித்த முதல் எண் காணாமல் போகிறது. பழைய கறுப்புத் திரை மெதுவாக இருந்த நாளிலும் அடித்தவை வரிசையில் காத்திருந்து, அதனதன் கட்டத்தில் போய் விழும். அதனால்தான் கண்ணை ரூபாய் நோட்டில் வைத்துக்கொண்டு, கையைக் கீபோர்டில் ஓடவிட்டோம். இப்போது எண்ணிய நோட்டுக் கட்டைக் கீழே வைத்துவிட்டு மவுஸைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்குள் மேலே ஓர் அறிவிப்பு முளைத்தால் பட்டன்கள் கீழே இறங்கிவிடுகின்றன. ‘சமர்ப்பி’ இருந்த இடத்தில் ‘ரத்து’ நிற்கிறது. இதில் எங்கள் கவனம் என்ன செய்யும்?

முழு வேலையும் கீபோர்டிலேயே முடிய வேண்டும், அடித்த எதுவும் தொலையக் கூடாது. நாங்கள் கேட்பது இதுதான்.

பழசின் மீதுள்ள பாசத்தில் இதை எழுதவில்லை. பதில் வரும் நேரம் ஒரு நொடிக்கும் கீழே குறையக் குறைய ஒருவர் முடிக்கும் வேலை கூடுகிறது என்று ஐபிஎம் கணினி நிறுவனத்தின் டோஹர்ட்டியும் ததானியும் 1982லேயே எழுதிவிட்டார்கள். டேலி கணக்கு மென்பொருளில் இன்றும் எஃப்5 அழுத்தினால் பேமென்ட், எஃப்6 அழுத்தினால் ரிசீட். கணக்கு எழுதுகிறவர்களின் விரலுக்கு அது பழகிவிட்டது. எங்கள் பழைய திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்துக்குள் பெயர், இருப்பு, கடைசிப் பதிவுகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. புதிய திரையில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்க, இருப்பைப் பார்க்க இன்னொரு பக்கம் திறக்க வேண்டும். இதை வடிவமைத்தவர்கள் மாத முதல் வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் கவுன்டரில் உட்கார்ந்தார்களா? வரிசையில் நிற்பவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அவருடைய அரைமணி நேரத்துக்கு எந்த அறிக்கையிலும் கணக்கில்லை.

சரி, குறை சொல்லிக்கொண்டே போக விருப்பமில்லை. அடுத்த மாதம் முதல் வாரம் ஒருவரை அனுப்புங்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுகிறோம். அதுவரை, தொகைக் கட்டம் திறக்கும்வரை அடிக்கும் எண்களையாவது தொலையாமல் பிடித்து வைக்கும்படி தயவுசெய்து மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
தாராவிக் கிளைக் கவுன்டர் ஊழியர்
மும்பை