டிஸ்னி மாரத்தான்: வர்றவங்க கவனத்துக்கு

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பிகளே,

ஜனவரியில் அமெரிக்கா, ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் மாரத்தானுக்குப் போவதாகப் பேசினோமே, அது பற்றி. முதலில் விசா. சென்னையில் நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது. அதனால் பாஸ்போர்ட் நகலை இந்த வாரமே செயலாளர் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். விசா வராமல் யாரும் விமான டிக்கெட் போட வேண்டாம்.

வியாழன் 5 கி.மீ., வெள்ளி 10, சனி அரை மாரத்தான் (21 கி.மீ.), ஞாயிறு முழு மாரத்தான் (42 கி.மீ.). நாலையும் ஓடினால் 78 கி.மீ. சொச்சம். முதல் தடவை போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றே போதும் என்பது என் கருத்து.

ஓட்டம் விடியற்காலை 5 மணிக்கு. ஆனால் 3 மணிக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டியிருக்கும். குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கலாம்; நம் ஊர் மார்கழிப் பனியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தூக்கி எறிய ஒரு பழைய ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். மைலுக்கு 16 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்குமேல் போனால் ஓட்டத்தை நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். வழியில் மிக்கி மவுஸோடு போட்டோ எடுக்க வரிசையில் நிற்கும் நேரமும் இதில் சேர்த்திதான், தம்பிமார் கவனிக்க!

அப்புறம், ஓட்டக் கட்டணத்தில் பூங்கா நுழைவுச் சீட்டு கிடையாது, அது தனிச் செலவு.

பயிற்சி ஞாயிறுதோறும் தனுஷ்கோடி சாலையில். நிழலே இல்லை, எதிர்க்காற்று வேறு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்புக் கரைத்து. வருகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.