கடல் தாமதமாகத்தான் சூடாகும்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் போட்ட விடுமுறைத் திட்டத்தைப் படித்தேன். ஜூன் முதல் பாதியில் பத்து நாள். பாதி கடற்கரை, பாதி மலையடிவாரக் கிராமம். "பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதற்குள் போய்விட்டால் கூட்டம் இருக்காது, வெயிலும் இருக்கும், சரிதானே அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். பாதி சரி. கிராமத்துக்கு ஜூனைப் போல ஒரு மாதம் கிடைக்காது. கடலுக்குத்தான் அது ரொம்ப சீக்கிரம். அதனால் பத்து நாளையும் ஒரே மூச்சில் எடுக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள் என்பேன். பூகோள வாத்தியாரிடம் யோசனை கேட்டால் பாடமும் சேர்ந்துதான் வரும், பொறுத்துக்கொள்.

பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருக்கும் உங்கள் பக்கத்தில் சூரியன் உச்சத்துக்கு ஏறுவது ஜூன் 21-ஐ ஒட்டி. தரை அதற்குக் கொஞ்ச நாள் பின்தங்கி, ஜூலையில் நன்றாகக் காயும். கடல் இன்னும் பின்தங்கும். ஆகஸ்ட் பிற்பகுதியிலோ செப்டம்பரிலோதான் தண்ணீர் அதன் முழுச் சூட்டுக்கு வரும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற, அதே எடையுள்ள காய்ந்த மண்ணுக்கு ஆவதைவிட நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். அதுவும் போக, வெயில் மண்ணின் மேல்தோலைத்தான் சுடும்; கடலில் அது உள்ளே இறங்குகிறது, அலை அதை இன்னும் கீழே கலக்கிவிடுகிறது. அடிகனமான பாத்திரம் மாதிரி, சூடாகவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது டிசம்பரில் அல்ல, பிப்ரவரி, மார்ச்சில்.

ஆகவே மே மாதத்தில் மணலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றும் அளவுக்கு வெயில் அடித்தாலும், தண்ணீர் பனிக்காலத்தை இன்னும் முழுசாக விடவில்லை என்று வைத்துக்கொள். ஜூன் தொடக்கத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் திடீரென்று குதிப்பவனுக்கு மூச்சு அவன் சொன்னபடி கேட்காது. வாய் தானாகத் திறந்து இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் போச்சு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதுதான் கதி. மாப்பிள்ளை பாறையிலிருந்து குதிக்கிற ஆள் என்பதால் சொல்கிறேன். மெதுவாக, முழங்கால், இடுப்பு, தோள் என்று இறங்கச் சொல். தவறி விழுந்தாலும் உடனே நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதந்தால், ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும்.

சரி, முதலில் கிராமம். மே கடைசி வாரமோ ஜூன் முதல் பாதியோ வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாவது அட்சரேகைக்குப் பக்கத்தில் அப்போது பகல் பதினாறு மணி நேரம் இருக்கும், டிசம்பரில் எட்டுதான். குழந்தையோடு நடக்கப் போகிறவர்களுக்கு வெயிலைவிட இந்த வெளிச்சம்தான் பெரிய சொத்து. வழி தவறினாலும், பேரன் நடுவில் படுத்துத் தூங்கிவிட்டாலும் இருட்டு துரத்தாது. நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்கு சொன்னார், இன்றைக்கும் மலையேறுகிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அவர் கணக்கில் குழந்தை கிடையாது, நின்று போட்டோ எடுப்பது கிடையாது. நீங்கள் வரும் எண்ணை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

அந்த மாதங்களில் புல்வெளியெல்லாம் குட்டிகளாக இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் கன்று போட்ட பசு அந்த நேரத்தில் சாது அல்ல. கூட்டத்தின் நடுவே புகுந்து போகாமல், வேலியை ஒட்டிச் சுற்றிப் போங்கள். நாயைக் கூட்டிப் போனால் கயிற்றில் பிடித்தே போக வேண்டும். ஆனால் பசு துரத்த ஆரம்பித்தால் கயிற்றை விட்டுவிடு. அதன் கோபம் நாயின் மேல்தான், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், நீ தப்பிக்க முடியாது. வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. திறந்து கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தில் மூடிவிட்டால், ஆடுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் போக முடியாமல் நின்றுவிடும்.

உண்ணியை மட்டும் அலட்சியம் பண்ணாதே. வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை உயரமான புல்லிலும் புதர் ஓரத்திலும் காத்திருக்கும். எள்ளளவுகூட இருக்காது, கடிப்பதும் தெரியாது. இரவு குளிப்பாட்டும்போது பேரனின் முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், இடுப்புப் பட்டை அழுத்தும் இடத்தில், காதுக்குப் பின்னால், தலைமுடி தொடங்கும் விளிம்பில் விரலை ஓட்டிப் பார். கருப்புப் புள்ளி ஒன்று துடைத்தால் போகவில்லை என்றால் அதுதான். நுனி கூரான இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக மேலே இழு. எண்ணெய் தடவுவது, சுட்டு எடுப்பது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவப்பு படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்.

இன்னொன்று. வெயில் சுடுவது வேறு, தோலைப் பொசுக்குவது வேறு. புற ஊதாக் கதிரின் பலம் பெரும்பாலும் சூரியனின் உயரத்தைப் பொறுத்தது, காற்றின் சூட்டை அல்ல. ஏப்ரல் 21-ஆம் தேதியும் ஆகஸ்ட் 21-ஆம் தேதியும் நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் நிற்கிறது. ஆகஸ்டில் கிரீம் பூசாமல் வெளியே விடாத அம்மாக்கள் ஏப்ரலில் குளிர்காற்று வீசுகிறதே என்று சும்மா விட்டுவிடுகிறார்கள். நீயும் அந்த ரகம்தான் என்று உன் அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறாள்.

இனி கடல். செப்டம்பர் முதல் பாதி என் யோசனை. பேரன் இன்னும் பள்ளிக்கூடம் போகாததால்தான் இது நடக்கும். இந்தச் சலுகை கொஞ்ச காலத்துக்குத்தான், அனுபவித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடாக இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும். குறையும் உண்டு. உயிர்காப்பாளர்களைச் சில கரைகளில் கோடை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள், எந்தத் தேதி வரை இருப்பார்கள் என்று முன்னாலேயே கேள். இருக்கும் கரையில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். கோடைக் கடைசியில் ஜெல்லி மீன் கூடுதலாகக் கரை ஒதுங்கும் இடங்களும் உண்டு. மணலில் செத்துக் கிடந்தாலும் கொட்டும், பேரன் கையை வைத்துவிடுவான்.

கடலுக்குப் போகிறவர்கள் வானிலையைப் பார்க்கிறார்களே தவிர நிலாவைப் பார்ப்பதில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாளில் கடல் நீர் கரையில் ஏறும் ஏற்றமும் பெரிது, இறங்கும் வற்றமும் பெரிது; அரை நிலா நாட்களை ஒட்டி இரண்டும் சிறிது. மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் சமயத்தை ஒட்டி வருபவைதான் வருடத்திலேயே பெரியவை. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம், அதனால் நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும். இந்த அளவெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் பதினாறு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஏறினதே தெரியாது. அங்கே போவதாக இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

பெரிய வற்றத்தில்தான் பாறைக் குழிகளில் நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கக் கிடைக்கும். பேரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் நேரத்தைக் கணக்குப் போட்டுப் போங்கள். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே பின்னாலேயே நடந்து போய், முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பாறைக்குச் சேர வேண்டும். வற்றம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. ஏறும் ஆறு மணி நேரத்தில் நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் மெதுவாக ஊர்வதைப் பார்த்து, நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்கள்தான் மணல் திட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே பார்த்து நிற்கும்போது அது முதுகுப் பக்கத்துப் பள்ளத்தில் நிரம்பிக்கொண்டிருக்கும்.

கரையில் பையை வைத்ததும் உடனே இறங்காமல், கொஞ்சம் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் அலையை மட்டும் பார். இருபுறமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஒரு பட்டையில் மட்டும் உடையாமல் இருக்கும். அங்கே தண்ணீர் கொஞ்சம் கறுத்தோ, மணல் கலந்து பழுப்பாகவோ தெரியும். நுரையும் பாசியும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். விவரம் தெரியாதவர்களுக்கு அதுதான் அமைதியான இடமாகப் படும், குழந்தையை அங்கேதான் இறக்குவார்கள். கரையில் ஏறிய தண்ணீர் திரும்பப் போகும் வழி அது, ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்திக் கூப்பிடு.

காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் நாளில் தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரியும். அன்றைக்குக் காற்றடைத்த மெத்தை, வாத்து எதையும் தண்ணீரில் இறக்காதே. கரையோரம் உட்கார்ந்தவனுக்குக் காற்றே தெரியாது, சற்று உள்ளே போனதும் அள்ளிக்கொண்டு போய்விடும். மெத்தை போனால் போகட்டும் என்று விடு. அதைப் பிடிக்க நீந்திப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை.

இலையுதிர் காலத்தில் இன்னொரு வார இறுதி கிடைத்தால் கிராமத்துக்கே போங்கள், காடு நிறம் மாறியிருக்கும். வேட்டைக்கு அனுமதி உள்ள இடமென்றால் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும். செப்டம்பர் கடைசியில் பகல் வேகமாகச் சுருங்கும். இரண்டே வாரத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும், போன தடவை நடந்த வழிதானே என்று பழைய நேரத்தில் கிளம்பாதே. பனிக்காலத்துக் கடலை மாப்பிள்ளை பார்க்க ஆசைப்படுகிறார் என்றாய். பார்க்கட்டும், புயல் நாளில் அலைத்தடுப்புச் சுவரின் மேல் நின்று மட்டும் வேண்டாம்.

வெயில் நாடு வேண்டும் என்று வேறெங்காவது போகத் தோன்றினால் இந்தக் கணக்கு எதுவும் அப்படியே செல்லாது. ஆஸ்திரேலியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோடை. அட்லாண்டிக்கின் சூறாவளிக் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. செப்டம்பர் நடுவில்தான் உச்சம். அதனால் நான் உனக்குச் சிபாரிசு செய்யும் அதே செப்டம்பர் கரீபியன் தீவுகளுக்கு மோசமான மாதம்.

அறை போடும்போது கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும்படி போடுங்கள். தேதி முடிவானதும் எனக்கு அனுப்பு. அந்த ஊரின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, எந்தெந்த நாள் காலையில் பாறைக்குப் போகலாம் என்று குறித்து அனுப்புகிறேன். அம்மாவின் மூட்டுவலி பரவாயில்லை. செப்டம்பருக்கு நாங்களும் வரலாமா என்று கேட்கச் சொல்கிறாள். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா