ஸ்பிதிக்குத் திட்டமில்லாமல் கிளம்பும் நண்பர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவு டீக்கடையில் பேச்சைத் தொடங்கி, திங்கட்கிழமை வடக்கே போகும் ரயிலில் ஏறிவிடும் குழுக்களுக்கு இந்த மடல். ஓட்டல் பதிவு கிடையாது, எந்த நாள் எந்த ஊர் என்ற கணக்கு கிடையாது, முதுகில் ஒரு பை, கூட நாலு பேர். இப்படிப் போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு இப்படிப் போவதுதான் ஒருவகையில் சரி. ஒரு மழைக்கோ ஒரு மண்சரிவுக்கோ சாலை நாள் கணக்கில் மூடிவிடும் ஊர் அது. அறைக்குக் கட்டிய பணம் வீணாகுமே என்று, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுகிறவர்கள்தான் அங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒரு முடிவை மட்டும் சண்டிகரைத் தாண்டும் முன்பே எடுத்துவிடுங்கள். ஸ்பிதிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று சிம்லா, கின்னௌர் மாவட்டம் வழி. சிம்லாவிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல். இன்னொன்று மணாலி வழி. சுமார் 200 கிலோமீட்டர்தான். வரைபடத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் மணாலி வழிதான் பிடிக்கிறது. தயவுசெய்து அந்த வழியாக ஏறாதீர்கள். சிம்லா வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள்.

காரணம், இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான். உடம்பு பழகும் முன் மிக உயரத்தில் தூங்கினால் உயர நோய் வரலாம். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து காலையில் கிளம்பினால் 4,551 மீட்டர் குன்சும் கணவாயைத் தாண்டி, இரவு 3,650 மீட்டரில் காசாவில் படுக்கை. ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏற்றம். ‘வழியில்தானே இருக்கிறது’ என்று சந்திரதால் ஏரிக்கு அருகே கூடாரம் எடுத்தால் இன்னும் மோசம்: 4,250 மீட்டர், அதாவது ஒரே நாளில் 2,200 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. உடற்பயிற்சி செய்த உடம்பு, இளம் வயது எதுவும் இதற்கு விலக்கு இல்லை. நன்றாக ஓடியாடுகிறவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே அந்த நோய் முதலில் வருவதும் உண்டு.

சிம்லா வழியில் இந்தப் படிக்கட்டை மலையே கட்டி வைத்திருக்கிறது. முதல் இரவு நார்கண்டா, 2,700 மீட்டர். இரண்டாவது இரவு கல்பா, 2,960. மூன்றாவது தாபோ, 3,280, பொ.ஆ. 996-இல் எழுந்த மண் மடாலம் அங்கே இருப்பதால் அரை நாள் தங்கினாலும் வீணாகாது. நான்காவதும் ஐந்தாவதும் காசா, 3,650. ஐந்தாம் நாள் பகலில் கீ மடாலம், லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்று 4,400 மீட்டருக்கு மேல் ஏறிச் சுற்றிவிட்டு, தூங்கக் காசாவுக்கு இறங்கிவிடுங்கள். பகலில் உயரே போய் இரவில் தாழ்வாகத் தூங்குவது உடம்பைப் பழக்கும் நல்ல வழி. ஆறாவது இரவு சந்திரதால். அப்போது 600 மீட்டர் ஏறுகிறோம். விதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஐந்து இரவாகப் பழகிய உடம்பு பெரும்பாலும் தாங்கும். ஏழாவது இரவு மணாலி. இந்த வரிசை கெடாதவரை, எந்த வீட்டில் தங்குவது, எந்த ஊரில் இன்னொரு நாள் சோம்பிக் கிடப்பது என்பதையெல்லாம் அந்தந்த மாலையில் முடிவு செய்துகொள்ளலாம்.

சண்டிகர் முதல் சண்டிகர் வரை எட்டு நாளாவது இதற்கு வேண்டும். கையில் ஐந்து, ஆறு நாள்தான் இருக்கிறதென்றால் ஸ்பிதியை விட்டுவிடுங்கள். சாங்லா, சித்குல், கல்பா என்று கின்னௌரோடு திரும்பினால் அது நிறைவான பயணம். குறைப் பயணம் இல்லை.

குழுவாகப் போவதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைவலி வந்தவர் சொல்ல மாட்டார். தன்னால் எல்லோருடைய பயணமும் கெட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். அதனால் கிளம்பும்போதே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: யாராவது ஒருவர் ‘இறங்கலாம்’ என்றால் இறங்குவது, விவாதம் இல்லை. தினமும் இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள்: தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, பசி எடுத்ததா? தலைவலியோடு மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயில், பயணக் களைப்பு, வெறும் வயிறு என்று சமாதானம் தேட வேண்டாம். அன்று அதற்கு மேல் ஏறக் கூடாது. மறுநாளும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகள் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். பேச்சு குழறினாலோ, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நேர்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறினாலோ மூளை வீங்குகிறது என்று பொருள். உடனே குறைந்தது 300 முதல் 1,000 மீட்டர்வரை கீழே கொண்டுபோக வேண்டும். கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்கு மேல் வராது; அதை நம்பி இறங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய கேடு. காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அவசர ஊர்திக்கு 108.

டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உயர நோய் வராமல் தடுக்க வழக்கமாகத் தரும் அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். மேலே மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் மூச்சைக் குறைத்துவிடும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். குன்சும் கணவாய் பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். மே கடைசிக்கும் ஜூன் நடுவுக்கும் இடையில் திறக்கும், அக்டோபருக்குப் பிறகு எந்தப் பனியிலும் மூடலாம். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதியில் மழை குறைவு என்று கேள்விப்பட்டுக் கிளம்புகிறார்கள். ஸ்பிதி மழைமறைவு நிலம்தான். ஆனால் அங்கே போகும் கின்னௌர்ச் சாலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2021 ஆகஸ்ட் 11 அன்று நிகுல்சாரியில் மலை சரிந்து அரசுப் பேருந்தும் மற்ற வண்டிகளும் புதைந்ததில் 28 பேர் இறந்தார்கள். ஆகவே ஜூன் பின்பாதி அல்லது செப்டம்பர். ஜூலையில்தான் விடுப்பு என்றால், மணாலி வழியில் போய்ச் சிஸ்ஸுவிலோ கேலாங்கிலோ (இரண்டும் சுமார் 3,100 மீட்டர்) இரண்டு இரவு தங்கிவிட்டு, சந்திரதாலில் நிற்காமல் காசா போங்கள். அப்போதும் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள்: 2023 ஜூலையில் சந்திரதாலில் பனி கொட்டி 250-க்கும் மேற்பட்டோர் சிக்கி, பல நாட்களுக்குப் பிறகே வெளியே வந்தார்கள்.

வண்டி இல்லாதவர்களுக்கு அரசுப் பேருந்து போதும். சண்டிகரில் 43-ஆம் செக்டர் பேருந்து நிலையத்திலிருந்து கின்னௌரின் தலைநகரான ரெக்காங் பியோவுக்கு வண்டி உண்டு. பியோவிலிருந்து காசாவுக்குக் காலையிலேயே கிளம்பிவிடும். முந்தைய மாலையே நிலையத்தில் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாபோவில் இறங்கிவிட்டு மறுநாள் அதே வண்டியைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம், ஆனால் நிற்க வேண்டியது 47 கிலோமீட்டர்தான். நாலு பேர் இருந்தால் ஷேர் டாக்ஸியும் கட்டுப்படியாகும்.

பைக்கில் போகிறவர்கள் பியோவுக்குக் கீழே பவாரியில் டாங்கை நிரப்புங்கள். அடுத்து நம்பத்தக்க பம்பு, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, காசா. காசாவிலிருந்து மணாலி வரை இன்னொரு 200. நடுவில் பம்பு கிடையாது. கல்லும் சேறுமான சாலையில் முதல் இரண்டு கியரிலேயே போவதால் மைலேஜ் கால் பங்காவது குறையும். 13 லிட்டர் டாங்க் உள்ள 350 சிசி வண்டிக்கு இது போதும். காசாவைச் சுற்றிய பிறகு மறுபடி நிரப்பாமல் கிளம்பினால்தான் போதாது. குன்சுமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே கூடுதல். கார்புரேட்டர் வண்டிகள் அங்கே திணறும். டயரும் இறுகும்: சண்டிகரில் அடித்த காற்று மேலே போகும்போது ஐந்து பி.எஸ்.ஐ. வரை கூடக் காட்டலாம், சரளையில் வண்டி துள்ளுவது அதனால்தான். காசாவில் கொஞ்சம் இறக்கிவிட்டு, மணாலியில் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். உபரியாக ஒரு கிளட்ச் கேபிள், பிரேக் லீவர், டியூப், பஞ்சர் சாமான் இருந்தால் போதும்.

இனி குன்சும் நாள். முழுப் பயணத்திலும் கடிகாரம் பார்த்து நடக்க வேண்டிய நாள் அதுதான். முந்தைய மாலையில் மணாலியிலிருந்து காசாவுக்கு வந்து சேர்ந்த ஓட்டுநரிடம் சாலை எப்படி என்று கேளுங்கள். அதைவிடப் புதிய செய்தி எந்தச் செயலியிலும் கிடைக்காது. காலை ஐந்தரைக்குள் கிளம்பினால் லோசர் கிராமம் வரை 58 கிலோமீட்டர் நல்ல சாலை. அங்கே காவல் சாவடியில் பெயர் எழுதிவிட்டு 19 கிலோமீட்டர் ஏறினால் கணவாய். மறுபக்கம் இறங்கினால் பாத்தல் என்ற இடம். பாத்தலிலிருந்து கிராம்பு என்ற ஊர் வரையிலான சுமார் 50 கிலோமீட்டர்தான் இந்த வழியின் மிக மோசமான பகுதி. பனிமலை உருகி வரும் ஓடைகள், அங்கே ‘நாலா’ என்பார்கள், சாலைக்குக் குறுக்கே ஓடும். காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏற உருகல் கூடி, பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். சந்திரதாலில் தங்குகிறவர்களும் மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

நாலாவில் இறங்கும் முன் ஒருவர் நடந்து பார்த்து ஆழமும் பாறையும் எங்கே என்று சொல்லட்டும். பின்னால் இருப்பவர் இறங்கி நடக்கட்டும். முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர், பார்வை எதிர்க்கரையில். நடுவில் கிளட்சை அழுத்தாதீர்கள். நீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, உள்ளே புகுந்த நீரை பிஸ்டன் அழுத்தி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரையோ ஸ்டார்டரையோ இயக்கி நீரை வெளியேற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

சந்திரதால் ஏரி 2005 முதல் ராம்சர் என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள ஈரநிலம். கரையில் கூடாரம் போடக் கூடாது. கூடாரங்கள் சில கிலோமீட்டர் முன்பே இருக்கின்றன. கொண்டுபோன பிளாஸ்டிக்கை மணாலிவரை உங்களோடு கொண்டுவாருங்கள், அங்கே குப்பை வண்டி வராது.

ரொக்கம் ஆளுக்கு 5,000 ரூபாய் தனியாக இருக்கட்டும்; காசாவில் ஏ.டி.எம். உண்டு, பணம் எப்போதும் உண்டு என்று சொல்ல முடியாது. நம்மூர்ச் சோற்றுக்கு ஏங்குகிறவர்களுக்கு ராஜ்மா சோறு எங்கும் கிடைக்கும். காசாவில் நீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. தாபாவில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராம்பு தாண்டியதும் அடல் சுரங்கம், 9.02 கிலோமீட்டர், அதைக் கடந்தால் மணாலி. ரோதாங் கணவாயில் ஏறாதவரை அதற்கான அனுமதிச் சீட்டு தேவையில்லை. இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் ‘லே போகலாமா?’ என்பார். ஸ்பிதியில் பழகிய உடம்பு அதற்குத் தயார்தான். ஆனால் ‘தாண்டி’ என்ற ஊரின் பம்பைவிட்டால் அடுத்தது வெகுதூரம் தள்ளி. நம்மூர் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு வேண்டும். வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்கை லேயைத் தாண்டி நூப்ராவுக்கோ பாங்காங்குக்கோ ஓட்டிச் செல்ல உள்ளூர்ச் சங்கத்தினர் விடமாட்டார்கள்.

ஊர் திரும்பும் டிக்கெட்டை மணாலிக்கு இறங்கிய பிறகே போடுங்கள். தட்கல், பயண நாளுக்கு முந்தைய நாள் ஏ.சி. பெட்டிக்குக் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. முன்பே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சண்டிகர் வந்து சேரும் நாளுக்கு இரண்டு நாள் தள்ளி எடுங்கள்.

அன்புடன்,
அந்தச் சாலையை அறிந்தவர்கள்