கூரியரில் வந்த குச்சிகள்

ஆசிரியருக்கு,

இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்கி 2 ரோஜாச் செடி, 3 கமேலியா பூச்செடி வரவழைத்தேன். உதகைக்குப் பெட்டி வந்து சேர ஒன்பது நாள். ரோஜாவில் ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலே கருகிவிட்டது. கீழே மட்டும் துளிர். அதாவது, காசு கொடுத்து வாங்கியது நல்ல ரகத்தை ஒட்ட அடியில் வைக்கும் வேர்ச்செடியை! கமேலியாவின் பட்டையை நகத்தால் கீறினால் பச்சையே இல்லை, உயிர் போன குச்சிதான். புகார் சொன்னால், பெட்டியைத் திறந்தபோது எடுத்த வீடியோ எங்கே என்கிறார்கள். திறக்க இரண்டு கை வேண்டும், மூன்றாவது கைக்கு எங்கே போவது?

சரி, பணம் போகட்டும். செடி எந்த ஊரில் வளர்ந்தது, மார்கழி உறைபனியைத் தாங்குமா என்று விளம்பரத்திலேயே போடச் சொல்லி அரசு விதி கொண்டுவரக் கூடாதா? அதுவரை பக்கத்து நர்சரியில் வேரைப் பார்த்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

- ஒரு வாசகி, உதகை