கல்லீரல் கட்டிக்கு வைத்தியம், வைரஸுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் கண் மஞ்சளித்தால், கட்டி பரவிவிட்டதென்று வீட்டார் இடிந்துபோகிறார்கள். சிலர் கீழாநெல்லியைத் தேடுகிறார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் மறுபடி பெருகியதும் காரணமாக இருக்கலாம். இது பெரும்பாலும் முன்பே தடுக்கக்கூடியது என்பதுதான் வேதனை.

பி வைரஸ் ரத்தத்தில் தென்படாமல் போனாலும் கல்லீரல் செல்லின் உட்கருவில் தங்கிவிடும். கீமோவோ, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி அடைக்கும் 'டேஸ்' சிகிச்சையோ எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தும்போது அது பெருகுகிறது. சக்தி திரும்பியதும் உடல் அந்தச் செல்களைத் தாக்குகிறது. ஏற்கெனவே சுருங்கிய கல்லீரல் இந்த அடியைத் தாங்காது.

ஆகவே முதல் ஊசிக்கு முன்பே ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (பி வைரஸ் இப்போது இருப்பதைக் காட்டுவது), ஆன்டி-ஹெச்.பி.சி. (பி வைரஸ் எப்போதாவது தொற்றியதைக் காட்டுவது), ஆன்டி-ஹெச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸ் எப்போதாவது தொற்றியதைக் காட்டுவது) ஆகிய ரத்தப் பரிசோதனைகள் மூன்றும் பார்த்தாக வேண்டும். முதலாவது பாசிட்டிவ் என்றால் வைரஸ் அளவும் எடுத்து, வைரஸை அடக்கும் மாத்திரையான என்டெகாவிர் 0.5 மி.கி. அல்லது டெனோஃபோவிர் 300 மி.கி. தினம் ஒன்று தொடங்குவது வழக்கம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு மாறும். என்டெகாவிரை வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தே விழுங்க வேண்டும். இட்லியோடு விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறையும். இரண்டாவது மட்டும் பாசிட்டிவ் என்றால் பழைய தொற்று. மாத்திரையா, கண்காணிப்பா என்பது தரப்போகும் சிகிச்சையைப் பொறுத்தது.

அதிகம் நடக்கும் தவறு, 'வைரஸ் இல்லை' என்று ரிப்போர்ட் வந்ததும் மாத்திரையை நிறுத்துவது. மாத்திரைதான் அதை அடக்கி வைத்திருக்கிறது!

சி வைரஸ் கதை வேறு. சோஃபோஸ்புவிர் சார்ந்த மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரம் எடுத்தால் 100-ல் 90-க்கும் மேற்பட்டோருக்கு அது ஒழிந்துவிடும். கட்டி இருப்பவர்களுக்கு எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். குணமான பிறகும் ஆன்டி-ஹெச்.சி.வி. பாசிட்டிவாகவே காட்டும், ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனையையே நம்ப வேண்டும். இரண்டு வைரஸும் உள்ளவருக்கு சி அடங்கும்போது பி தலைதூக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்ட மையங்களில் இந்த மருந்துகள் இலவசம். புற்றுநோய்ப் பிரிவிலிருந்து அங்கே ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் போதும். பி பாசிட்டிவ் நோயாளியின் துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கும் பரிசோதனை தேவை. தொற்றோ எதிர்ப்புச் சக்தியோ இல்லாதவர்களுக்கு 0, 1, 6-ஆம் மாதங்களில் மூன்று தடுப்பூசி.

இப்படிக்கு,
கல்லீரல் நோய் மருத்துவர் ஒருவர், மதுரை