வழிக்காவல் இல்லையாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பி ஒரு பணத் தகராறு வழக்கில் 11 மாதம் மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தான். எந்தச் சிறை என்று எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

அவனுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. உள்ளே போன மூன்றாம் மாதம் கண் மங்கத் தொடங்கியது. சிறை மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்த அன்றே அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அழைத்துப் போக ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் போலீசார் வர வேண்டுமே! முதல் தேதியில் அமைச்சர் வருகை. அடுத்த தேதியில் கோயில் திருவிழா பந்தோபஸ்து. மூன்றாவது தடவை ஆள் இருந்தது, வண்டி இல்லை. கொடுக்க விடமாட்டார்கள் என்று தெரிந்தும் மூன்று தடவையும் இட்லி கட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். முகத்தையாவது பார்க்கலாம் என்ற ஆசைதான். சிறையில் மனு கொடுத்துப் பார்க்கப் போனால் கிடைப்பது சில நிமிடம். நான்காவது தேதியில் வந்தான். லேசர் வைத்தார்கள். இடது கண்ணில் பாதிப் பார்வை போனது போனதுதான்.

இப்போது வாய்தாவுக்குப் பெரும்பாலும் காணொலியிலேயே ஆஜர்படுத்திவிடுகிறார்கள். சரி, அதில் மிச்சமாகும் போலீசாரில் நாலு பேரை ஒவ்வொரு சிறைக்கும் மருத்துவமனை வேலைக்கென்றே ஒதுக்கினால் என்ன? கண், பல் மருத்துவர்கள் வாரம் ஒரு நாள் சிறைக்கே வந்தால் வழிக்காவலே வேண்டாம். தேதி தவறினால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, ஆய்வுக்கு வரும் நீதிபதியிடம் காட்டட்டும்.

வெளியே இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் வேண்டும் என்கிறது 2015-இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 24-ஆவது விதி. எங்கள் வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திருச்சி மாவட்டத்துக்காரரான, பழங்குடி மக்கள் உரிமைக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, சிறையில் பார்கின்சன் நோயால் கை நடுங்க, தண்ணீர் குடிக்கும் உறிஞ்சு குழலுக்காக 2020-இல் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. மறு வருடம் விசாரணைக் கைதியாகவே இறந்தார். ஊரறிந்த மனிதருக்கே அந்தக் கதி. நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இப்படித் தீர்ப்பு வராதவர்கள்தான்.

தம்பி ஜாமீனில் வந்து நாலு மாதம் ஆகிறது. வழக்கு இன்னும் சாட்சி விசாரணைக்கே வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர்,
சிவகங்கை மாவட்டம்.